கடன்பட்ட காவியம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கு பஸ்ஸேறினால் வழியெல்லாம் கரிசல். ஆறு கிடையாது, மானாவாரிதான். அந்த ஊர் அரண்மனைப் புலவராக இருந்து அங்கேயே அடக்கமான உமறுவின் சீறாப்புராணத்துக்குள் நுழைந்தால் அரபுநாட்டில் வெள்ளம் பெருகுது, நெல் விளையுது. 'கம்பனைப் பார்த்து எழுதியது' என்று எம்.ஏ. வகுப்பில் ஒரே வரியில் முடித்தார்கள். 'இஸ்லாமிய இலக்கியம்' என்று தனி அறையும் ஒதுக்கியாச்சு.

கம்பனின் கோசலமே காவிரிக்கரைதானே? அயோத்தி சோழநாட்டுக்குள் வந்தால் மரபு, மக்கா வந்தால் நகலா?

லத்தீனிலும் இது நடந்திருக்கிறது. கி.பி. 330 வாக்கில் யுவென்குஸ் வர்ஜிலின் யாப்பில் இயேசுவின் கதையைச் சொன்னார். அதே நூற்றாண்டில் புரோபா என்ற பெண் கவி வர்ஜிலின் வரிகளையே வெட்டி ஒட்டி விவிலியக் கதையை நெய்தார். அங்கே கடன் வாங்குவது உரிமை கோருவது: இந்த மொழி எனக்கும்தான். 5027 பாடல்களில் உமறு கேட்பதும் அதைத்தான்.

அதே பிரதியில் 'சுரத்தில் புனலழைத்த படலம்' என்று ஒன்று வருகிறது. பாலைத்திணை மரபு அவருக்குக் கைகொடுத்திருக்கும். ஆனாலும் தண்ணிக்குக் காத்துக்கிடந்த ஊர்க்காரனான எனக்கு அது வெறும் மரபாகப் படலை.

கம்பனை நடத்துகிற அறையில் உமறுவையும் பக்கத்தில் வைத்து வாசிப்போம். கடன் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.