கனத்தைக் கீழே இறக்குங்கள்: மண்சடக்கில் ஒரு மான்ஸ்டர் டிரக்

டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்டாம்பீட், அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் மின்சார மான்ஸ்டர் டிரக். பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் அடிப்படை மாடலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்எல்-5 வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, டைட்டன் 550 மோட்டார். மலேசியாவின் சுங்கை பஞ்சாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண்சடக்கில் இதை நேராக விரட்டினால் மனம் துள்ளும். விழுந்து கிடக்கும் மட்டை, உதிர்ந்த பழம், டிராக்டர் டயர் பதித்த பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். அதே வண்டியைத் தார்ச்சடக்கில் ஏற்றி வேகமாக ஒடித்துத் திருப்பினால், உள்பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்; அடுத்த நொடி கூரை தரையில் உரசும்.

இது இந்த வகை வண்டியின் பிறவிக் குணம். அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் தன் ஃபோர்டு டிரக்கை உயர்த்தி ‘பிக்ஃபுட்’ என்று பெயரிட்டு, 1981-இல் பழைய கார்களின் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். பெரிய டயரும் உயர்ந்த உடலும் அந்த வேலைக்குக் கைகொடுத்தவை. 1987-இல் தமியா நிறுவனம் வெளியிட்ட கிளாட் பஸ்டர் ரிமோட் டிரக் முதல் இன்றைய மாடல்கள் வரை எல்லாம் அந்த உயரத்தைச் சுமந்துதான் வருகின்றன. தொண்ணூறுகளில் மலேசியப் பிள்ளைகள் ‘தமியா’ என்று அழைத்த மினி கார்கள் தரையோடு தரையாக ஓடியவை. அந்தப் பிள்ளைகள் இன்று அப்பாக்களாகி மான்ஸ்டர் டிரக் வாங்கும்போது, பழைய வேகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

நாங்கள் வண்டி ஓட்டும் திடலுக்கு வரும் பையன்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

“அண்ணே, இதுக்கு பிரஷ்லெஸ் மோட்டார் போடலாமா?”

“மொதல்ல இத ஒழுங்கா திரும்ப வைப்போம் தம்பி.”

கவிழ்வதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இடது வலது டயர்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் பெரிதானால் வண்டி நிலைத்து நிற்கும். அகலம் 30 செ.மீ., மைய உயரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்: 1.25 வரும். அகலத்தை 2 செ.மீ. கூட்டினால் 1.33. அகலத்தைத் தொடாமல் உயரத்தை 2 செ.மீ. குறைத்தால் 1.5. அகலமான ரிம்மில் காசைப் போடுவதைவிடக் கனத்தை இறக்குவது எவ்வளவு லாபம் என்று இதிலேயே தெரிகிறது. ஓட்டத்தில் உடல் வெளிப்பக்கம் சாய்வதால் மையமும் அந்தப் பக்கம் நகரும்; கிடைக்கும் எண் இன்னும் குறையும். மண்ணில் டயர் வழுக்கிவிடுவதால் வண்டி பிழைத்துக்கொள்கிறது. தாரில் ரப்பர் பிடித்துக்கொள்வதால் புரள்கிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். வண்டியை ஒரு பலகையில் குறுக்காக நிறுத்தி, டயர் வழுக்காமல் ஒரு சட்டத்தை அண்டை கொடுத்து, பலகையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். 45 டிகிரியில் கவிழ்ந்தால் அந்த எண் 1. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்து பார்த்தால், எந்தச் சாமான் வேலை செய்கிறது என்று விளம்பரத்தை நம்பாமல் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பேட்டரி. 8.4 வோல்ட் நிக்கல் பேட்டரியை எடுத்துவிட்டு 7.4 வோல்ட் லிப்போ போட்டால் எடை நன்றாகக் குறையும். எக்ஸ்எல்-5 கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். லிப்போவை அளவுக்கு மேல் இறங்கவிடாத காப்பு அப்போதுதான் இயங்கும். சிவப்பு எரிந்தால் ஓட்டாதீர்கள். பேட்டரியையே தாழ்வாகப் படுக்க வைக்கும் மாற்றுச் சேஸிகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் பலகைச் சோதனையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கூரை விளக்கு, இரும்புக் கம்பி, பொம்மை ஓட்டுநர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உச்சியில் இருக்கும் சிறு எடையும் மையத்தை மேலே இழுக்கும்.

அடுத்தது அப்சார்பர். இங்கேதான் வண்டியின் சுபாவமே மாறுகிறது. வண்டியோடு வரும் 30 எடை சிலிகான் ஆயில் எங்கள் மத்தியான வெயிலில் இளகிவிடும். வளைவில் உடல் தாராளமாகச் சாயும். முன்பக்கம் 50, பின்பக்கம் 40 ஊற்றினால் சாய்வு நிதானமாகிறது. ஊற்றிய பிறகு பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குமிழி எல்லாம் வெளியேறும் வரை பொறுத்திருந்து மூடுங்கள். காற்று உள்ளே நின்றால் எந்த ஆயிலும் வீண். ஆயில் ஊற்றுவதற்கு முன்பே, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 4, 5 மி.மீ. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். அப்சார்பர் முழுதாக நீளாது; வண்டியும் தாழும், வளைவில் உள்பக்கம் தூக்குவதும் குறையும். இடதும் வலதும் ஒரே நீளமாக இருக்கட்டும். இந்தக் குழாய்த் துண்டுக்குக் காசே இல்லை என்று சொல்லலாம். தோட்டத்துக்குள் மட்டுமே ஓட்டுகிறவர்கள் இதில் அளவோடு இருக்க வேண்டும். வயிறு மிகவும் தாழ்ந்தால் மட்டைத் தண்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

டயரில் மென்மையான ரப்பரைத் தேடி ஓடாதீர்கள். பிடிமானம் கூடக்கூடத் தாரில் கவிழ்வதும் கூடும். உயரம் குறைந்த டயர் நல்ல மாற்றம். மோட்டாருக்கும் சுமை குறையும். அகல அடாப்டர் போடலாம், ஆனால் பேரிங்கின் மேல் நெம்பு விசை ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டியரிங் இணைப்புகளில் ஆட்டம் இருந்தால் வண்டி நேர்க்கோட்டிலேயே அலையும். தேய்ந்த புஷ்ஷை மாற்றிவிட்டுப் பிறகு புது சர்வோவைப் பற்றி யோசியுங்கள். அலுமினியக் கைகள் பார்க்க அழகு. மோதினால் வளைந்து அப்படியே நின்றுவிடும். நல்ல நைலான் கை நெளிந்து பழைய நிலைக்குத் திரும்பும். என் ஓட்டு நைலானுக்கே.

இந்தக் கடலோரச் சமவெளியின் களிமண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழைக்குப் பிறகு அது ரிம்மின் உட்பக்கம் அப்பிக் காய்ந்து, சக்கரத்தை உதற வைக்கும். ஸ்டியரிங் கெட்டுவிட்டது என்று கழற்றத் தொடங்குவதற்கு முன் ரிம்மைச் சுரண்டிப் பாருங்கள். மின்சாதனங்கள் தண்ணீரைத் தாங்கும், பேரிங் தாங்காது. ஓட்டி முடித்ததும் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கானுக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் இறக்க வேண்டாம். அறுவடை முடிந்த வயல் அருமையான ஓடுதளம்தான், ஆனால் நிலக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், வரப்பை உடைக்காதீர்கள்.

சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது எக்ஸ்எல்-5-இல் உள்ள டிரெயினிங் முறையைப் போட்டுவிடுங்கள்; வேகம் பாதியாகும். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். கையில் காசு கொஞ்சம்தான் மிச்சம் என்றால் ஆயில் புட்டிகள் இரண்டும் ஒரு முழம் ரப்பர் குழாயும் போதும். பிரஷ்லெஸ் மோட்டாரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள்.