நாட்சம்பளத்துக்கு அப்பால்: இரத்தினபுரித் தோட்டங்களும் வேட்பாளர் ஒப்பீடும்

தேர்தலுக்கு முன்னர் வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்களை, அதாவது ஆட்சிக்கு வந்தால் செய்வோம் என அவர்கள் எழுத்தில் தரும் வாக்குறுதித் தொகுப்புகளை, அருகருகே வைத்து விடயம் விடயமாக ஒப்பிடும் வழக்கம் இலங்கையின் 2019, 2024 ஜனாதிபதித் தேர்தல்களில் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பரவலாகக் காணப்பட்டது. மலையகத் தமிழரிடையே இதைவிட மூத்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த வேட்பாளரை ஆதரிப்பது என்பதைத் தொழிற்சங்கத் தலைமை பேரம் பேசி முடிவு செய்யும். அந்த முடிவு தோட்டக் கமிட்டித் தலைவர் வழியாக லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு, வந்து சேரும். இவ்விரு வழக்கங்களும் உரசிக்கொள்ளும் இடத்தை இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்களில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒப்பீட்டின் முதன்மையான வலிமை, அது வாக்குறுதிக்கு ஒரு சாட்சியை உண்டாக்கிவிடுவதாகும். 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ தரப்பு தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் என்றும், சஜித் பிரேமதாச தரப்பு 1,500 ரூபா என்றும் கூறின. வென்றவர் சொன்ன 1,000 ரூபா, குறித்த காலத்தில் வராமல் 2021 மார்ச்சிலேயே சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. அந்தத் தாமதத்தைத் தாமதம் என்று சொல்ல முடிந்ததே, எண்ணும் காலமும் முன்னரே பொதுவில் பதிவாகியிருந்தமையால்தான். மேடையில் சொன்னது மேடையோடு போய்விடும் அரசியலில் இது சிறிய பயனன்று.

ஆயினும் அதே எண்தான் ஒப்பீட்டின் பெருங்குறையாகவும் மாறியது. சம்பளம் எவ்வளவு என்ற ஒரே நிரலுக்குள் தோட்டப் பிரச்சினை முழுவதும் சுருங்கிப்போக, அந்த எண்ணை யார் தீர்மானிப்பது, யார் கொடுப்பது, எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்ற கேள்விகள் நிரல் பெறாமல் நின்றன. 2024 மே தினத்தன்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலையில் 1,700 ரூபாவை அறிவித்ததும் அதற்கான வர்த்தமானி வெளியாயிற்று. பெருந்தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றத்தை நாட, இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர் வந்த புதிய வர்த்தமானியில் உறுதியாக நின்றது 1,350 ரூபாவே. எஞ்சிய 350 ரூபா உற்பத்தியோடு இணைத்த ஊக்கத்தொகையாகப் பேசப்பட்டது. ஒப்பீட்டு அட்டவணைகளில் 1,700 என்றே தோன்றிய ஒன்று, கொழுந்துத் தராசின் அருகே வேறு தொகையாகிவிட்டது. ஊழியர் சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணிக்கப்படுவது என்பதாலும், தோட்டம் கேட்கும் கிலோ குறைந்தால் 'அரைப்பேர்' போடப்படும், அதாவது பாதி நாளுக்கான சம்பளமே பதியப்படும் என்பதாலும், இந்த வேறுபாடு வெறும் கணக்கு நுட்பமன்று. மாதத்தில் எத்தனை நாள் வேலை தரப்படும் என்பதையோ எந்த அட்டவணையும் கேட்கவில்லை.

2025 நவம்பரில், 2024 தேர்தலில் வென்று ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், கம்பனிகள் தரும் அடிப்படையை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக்கான ஊக்கத்தொகையாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே தரவும் முன்மொழிந்தது. தனியார் கம்பனிகள் நடத்தும் தோட்டங்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது சரியா என்பது உண்மையான கொள்கை வினா. வேட்பாளர்களைப் பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய அவ்வினா தேர்தலுக்குப் பின்னரே எழுந்தது.

இரத்தினபுரியைப் பொறுத்தவரை மற்றொரு குறையும் உண்டு. தோட்டம் என்றால் நுவரெலியா என்ற எண்ணத்தில் தயாரான வினாக்களே இங்கும் இறக்கப்படுகின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலைப் பகுதிகளில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. மழை நாட்களில் இறப்பர்ப் பால் வெட்ட முடியாதபோது வருமானம் நின்றுவிடும். தோட்டங்களைச் சுற்றி சிங்களக் கிராமத்தவரின் சிறு தேயிலைத் தோட்டங்கள் நிறைந்திருக்க, லயத்தில் குடியிருந்துகொண்டே அங்கே கிலோக் கணக்கில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவருக்கு நாட்சம்பள விவாதம் தொலைவில் கேட்கும் சத்தமே. 2003இலும் 2017இலும் மே மாத மழை இம்மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோன பின்னரும், மண்சரிவு அபாயமுள்ள லயங்களை எங்கே, எவருடைய நிலத்துக்கு மாற்றுவது என்பது ஒப்பீட்டு வினாவாகவில்லை. காணி உறுதி தருவோம் என எல்லோரும் சொன்னார்கள். தோட்ட நிலம் அரசுக்குரியதாயினும் நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகளிடம் இருக்கிறது என்பதும், அதை மீளப்பெறும் வழி என்ன என்பதும் சொல்லப்படவில்லை. இந்தியா கட்டித்தந்த முதல் 4,000 தோட்ட வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே சென்றன என்பதை நினைத்தால், சப்ரகமுவ எங்கே என்ற கேள்வியை ஒவ்வொரு வேட்பாளரிடமும் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

தொழிற்சங்க வழக்கத்தை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 வரை அதை முழுமையாக மீட்கக் காத்திருந்த ஒரு சமூகம், சிதறிய வாக்குகளால் எதையும் பெறாது, கட்டாகக் கொடுத்தே விலை பேச முடியும் என்பது அவர்களின் கணிப்பு. நுவரெலியாவில் அது பலித்தது, அமைச்சுகளும் கிடைத்தன. இரத்தினபுரியில் தமிழ் வாக்குகள் மாவட்டத்தின் சிறு பங்காகவே இருப்பதால், 2024இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் செய்துகொண்ட உடன்பாடுகளில் இம்மாவட்டம் பேரத்தின் பொருளாக இருந்ததைவிட அதன் எடையைக் கூட்டும் துண்டாகவே இருந்தது. பேரத்தால் பெறுவது குறைவாக இருக்கும் இடத்தில் வாக்காளர் தாமே ஒப்பிட்டுத் தீர்மானிப்பதற்கான நியாயம் கூடுகிறது. அதே ஆண்டு நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில், இவ்விரு சங்க அணிகளுக்கும் வெளியே அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்ற சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து தெரிவானது இந்த மாற்றத்தின் ஓர் அடையாளமாகக் கொள்ளத்தக்கது. ஆனால் அந்த வாக்குகள் கொள்கையை ஒப்பிட்டு விழுந்தவையா, நாடெங்கும் வீசிய அலையோடு விழுந்தவையா என்பதை முடிவு எண்களிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

ஒப்பீட்டின் பயனைக் கூட்டும் ஏற்பாடு ஒன்று ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. வாக்காளர் மூன்று வேட்பாளரை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில் முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் சீட்டுகளிலுள்ள விருப்பு வாக்குகள் எண்ணப்படும். 2024இல் அநுர முதற்கணிப்பில் 42.31 விழுக்காடே பெற்றமையால் இது வரலாற்றில் முதன்முறையாக நிகழ்ந்தது. இருந்தும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒருவரையே தேர்ந்தெடுக்கும் நோக்கில் எழுதப்பட்டன. சங்கங்களோ தத்தம் சின்னத்துக்குப் புள்ளடி என்பதோடு நிறுத்திக்கொண்டன.

இவை எல்லாவற்றையும்விட, ஒப்பீட்டை வலுவிழக்கச் செய்வது எது எந்தத் தேர்தலுக்குரியது என்ற குழப்பமே. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண நிர்வாகத்தின் கீழ் வருபவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் இல்லாத குறையை அங்கேதான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் சப்ரகமுவ மாகாண சபைக்கு 2012க்குப் பின்னர் தேர்தலே நடக்கவில்லை. தோட்டங்களுக்குள் நிதி செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத்தடை 2018இன் திருத்தத்தால் தளர்ந்தபோதிலும், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் எந்த அணி என்ன தொகை ஒதுக்கும் என்ற ஒப்பீட்டுக்கு, ஜனாதிபதித் தேர்தலுக்குக் கிடைத்த பத்திரிகைப் பக்கங்களில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை.