குடுமியான்மலைக் கட்டங்கள்

பக்க வடிவமைப்பு என்று பேச ஆரம்பித்தாலே நம்மவர்கள் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். 1981இல் வந்த ம்யுல்லர்-ப்ராக்மான் புத்தகம்தான் 'கிரிட்'டுக்கு வேதம். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் சுமார் 20 கி.மீ.யில் குடுமியான்மலை. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் இசைக் கல்வெட்டு: ஏழு பகுதிகள், 38 வரிகள், வரிக்கு 16 தொகுதி, தொகுதிக்கு நான்கு சுரம்.

மாணவர் நலனுக்காகச் செய்தது என்கிறது கல்வெட்டு. எந்த மாணவர்? மொழி சமஸ்கிருதம், எழுத்து கிரந்தம். ஒழுங்கு எல்லார் கண்ணுக்கும் தெரியும், வாசிப்பு சிலருக்குத்தான். கட்டம் நடுநிலையானது என்பவர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான்.

ஆனாலும் அந்தச் சிற்பி ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறான். சுரத்தொகுதிதான் அங்கே கட்டத்தின் அளவு. நாமோ (சிறுபத்திரிகைகளும் சேர்த்திதான்) ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு ஏற்ற மூன்று பத்தியை முதலில் போட்டுக்கொள்கிறோம். அப்புறம் 'பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதை இரண்டாக ஒடிக்கிறோம். பழகிய வாசகன் தாண்டிவிடுவான். இதே மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளியில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் விரல் நின்றுவிடும்.