இரண்டாம் டிகாக்‌ஷன்

திருநெல்வேலியில் ஒரு வீட்டுக் காப்பி நன்றாக இருந்தால் புகழ் மூன்று இடங்களுக்குப் போகும்: தாமிரபரணித் தண்ணிக்கு, பித்தளை பில்டருக்கு, கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுத்த கடைக்கு. அல்வாவின் ருசியையே ஆற்றின் கணக்கில் எழுதிப் பழகிய ஊர் இது. காப்பி போட்டவளைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் ‘கைப்பக்குவம்’ என்ற சொல் இருக்கிறது. பாராட்டுப்போலத் தோன்றும் இந்தச் சொல்லைச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். ஒரு பெண் வருடக்கணக்கில் கற்றுக்கொண்டதை அவள் உடம்போடு பிறந்ததாக அது மாற்றிவிடுகிறது.

அந்தப் பக்குவத்துக்குள் என்ன இருக்கிறது? தூள் மாவாக இருந்தால் பில்டரின் துளைகள் அடைத்துக்கொள்ளும். மிகவும் கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். குடையால் தூளை எவ்வளவு அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்து டிகாக்‌ஷன் சொட்டும் வேகம் மாறும். கொதித்த தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் சுற்றிலும் ஊற்றி, கால்மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இறங்கிய டிகாக்‌ஷனை மறுபடி கொதிக்கவிடக் கூடாது; சூடு பாலிலிருந்து வரவேண்டும். சிக்கரி சேர்ந்தால் நிறமும் கெட்டியும் கூடும், மணம் குறையும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு எது ஒத்துவரும் என்பதை அவள் நாக்கில் வைத்தே தீர்மானிக்கிறாள். அளவு, வெப்பம், நேரம், அழுத்தம் எல்லாம் இதில் இருக்கின்றன. ஓர் ஆண் தராசும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு, ஒரு பங்கு தூளுக்கு 15 பங்கு தண்ணீர், 92 முதல் 96 டிகிரி வெப்பம் என்று சொல்லிச் செய்தால் அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர்.

பில்டருக்குள் ஒரு குடும்ப வரிசையும் இருக்கிறது. தூளிலிருந்து மணமும் புளிப்பும் இனிப்பும் முதலில் இறங்கிவிடும். பிந்தி இறங்குவதில் கசப்பே மிகுதி. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுப்பது இரண்டாம் டிகாக்‌ஷன். முதலாவது வீட்டு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும், இரண்டாவது போட்டவளுக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். வேலைக்கு வருபவளுக்கு அதுவும் தனித் தம்ளரில், கொல்லைப்புறத்தில். இரண்டாம் டிகாக்‌ஷனைக் குடித்தவளே அந்தத் தனித் தம்ளரிலும் ஊற்றினாள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு நாம் பெண்ணியம் பேச முடியாது.

காப்பியைச் சமூக வரலாறாக வாசிக்க நமக்குக் கற்றுத்தந்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானதையும், காப்பி ஓட்டல்களில் சாதி உட்கார்ந்திருந்ததையும் அது காட்டுகிறது. 1957இல் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, சென்னை முரளி கபே முன்னால் பெரியார் இயக்கம் போராடியது. ஓட்டல் பலகையிலிருந்த சொல்லை அழிக்க முடிந்தது. அடுக்களையில் பலகையே கிடையாது. அங்கே எதை அழிப்பது என்ற கேள்வி நம்முடையதாக மிஞ்சுகிறது.

நம்மூர்ப் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இருவரும் ஓட்டலில் காப்பி குடிக்கிறார்கள். அதன் ருசி சிக்கரியின் வேலை என்று கடவுளுக்கே பிள்ளை விளக்குகிறார். வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் இடம் இது, சிரிக்கவும் வேண்டும். கூடவே ஒன்றைக் கவனிக்கலாம். காப்பியில் நிபுணனாக ஓர் ஆணுக்கு நாக்கு போதும். கை வேண்டியதில்லை.

கைக்குப் பெயர் கிடைத்த கதையும் உலகில் உண்டு. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, பித்தளைப் பாத்திரத்தில் துளையிட்டு, மகனின் நோட்டிலிருந்த மையொற்றும் தாளை விரித்துக் காப்பி வடித்தார். காப்புரிமை வாங்கினார், நிறுவனம் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. இத்தாலியின் மோகா பாத்திரம் 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பெயரோடு வந்தது. மனைவி துணி வெளுக்கும் கொப்பரையைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் மனைவிக்குப் பெயர் இருக்காது. நம் வீட்டு பில்டர்களைப் பழக்கிய பெண்களுக்கு அப்படியொரு கதைகூட இல்லை.

காப்பி என்றால் பில்டர் என்று நிறுத்திக்கொள்வதும் ஒரு சாதிப் பார்வைதான். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியோடு இருந்த உடன்குடி, சாத்தான்குளம் பக்கத் தேரிக்காட்டில், காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, தூளும் சுக்கும் மல்லியும் சேர்த்து இறக்கி, மண்டி அடங்கியதும் துணியில் வடிப்பார்கள். பால் வேண்டாம், பில்டர் வேண்டாம். பனை ஏறிப் பதனீர் இறக்கியவர் ஆண். விறகு பொறுக்கி, புகையில் நின்று, அந்தப் பதனீரைப் பாகாகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கியவர் பெண். ஏறியவரின் உழைப்புக்குப் ‘பனையேறி’ என்று ஒரு பெயராவது உண்டு. காய்ச்சியவளை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்?

விடுதி அறையில் பிரெஞ்சு பிரஸ் வைத்திருக்கும் மாணவிகளை இப்போது பார்க்கிறேன். கொரகொரப்பான தூள், வெந்நீர், 4 நிமிடம், ஒரு அமுக்கு. அதில் இரண்டாம் டிகாக்‌ஷனுக்கு வேலையில்லை. போட்டவளே முதலில் குடிக்கிறாள். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் பழைய பில்டரும் பழைய வரிசையும் அவளுக்காகக் காத்திருக்கும். அப்படிப் போகும்போது உங்கள் வீட்டுக் காப்பி முறையை எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று அளவோடு எழுதுங்கள். யார் முதலில் எழுந்தார், முதல் தம்ளர் யாருக்குப் போயிற்று, போட்டவர் கடைசியில் எதைக் குடித்தார், அது சூடாக இருந்ததா என்பதும் அந்தச் செய்முறையில் சேர்ந்ததுதான்.