கூதல்: ஊவா மலையில் தங்கிவிட்ட பருவம்

அப்புத்தளைப் பக்கம் மார்கழி விடியலில் லயத்துக் கதவைத் திறப்பவர் வாயில் முதலில் வருவது "கூதலா இருக்கு" என்பதுதான். காற்றும் சேர்ந்துகொண்டால் "கூதக்காத்து அடிக்குது". பாடநூலிலும் வானொலிச் செய்தியிலும் கேட்கிற சொல் குளிர். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் கூதலைக் கொச்சை என்று எண்ணி, வெளியாரிடம் பேசும்போது குளிர் என்று மாற்றிக்கொள்கிறார்கள். அப்படி மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை.

குளிர் என்பதுதான் பேச்சில் சிதைந்து கூதல் ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. ளகரம் தகரமாகத் திரிவது நம் பேச்சு வழக்கில் இல்லை. கூதலுக்கு உறவு வேறிடத்தில் இருக்கிறது: கூதிர். குளிர், குளிர்காற்று, குளிர்ந்த பருவம் ஆகிய மூன்றுக்கும் பெயராக நின்ற பழஞ்சொல் அது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியம் அந்தப் பருவத்தைக் குறிஞ்சிக்கு, அதாவது மலைக்கும் மலைசார்ந்த இடத்துக்கும் உரியதாக வைத்தது.

கூதிரின் கடுமையை அறிய நக்கீரரின் நெடுநல்வாடையைத்தான் படிக்க வேண்டும். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் ஏறிய கோவலர் நெருப்பில் கை காய்ச்சியும் கன்னம் புடைத்து நடுங்குகிறார்கள். குரங்கு கூனிக் குறுகுகிறது; பறவை கீழே விழுகிறது; விலங்கு மேய்ச்சலை மறக்கிறது. வீட்டில் சந்தனம் அரைக்கும் கல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஊவாவில் ஒரு கார்த்திகை அடைமழையைக் கண்டவருக்கு இதில் உரை தேவைப்படும் இடம் குறைவு.

இங்கே ஊவாவுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அட்டன், நுவரெலியா மேற்குச் சரிவுகளில் மழையும் குளிரும் ஒன்றாக வருவது தென்மேற்குப் பருவக்காற்றில், ஆனி, ஆடி மாதங்களில். அதே காற்று நடுமலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. பதுளைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரை அதன் காலம். தமிழ்நாட்டுச் சமவெளியின் நாட்காட்டியும் அதுதான். ஆகவே ஊவாத் தோட்டங்களில் கூதல் என்ற சொல் தன் பழைய மாதங்களிலேயே இன்னும் நிற்கிறது. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது என்ற பொருளும் இங்கே உடலில் உறைக்கிறது. மற்ற பல இடங்களில் வாடை வெறும் நாற்றமாகிப் போனது.

இந்தச் சொல்லை மலைக்குக் கொண்டுவந்தவர்கள் மலைக்காரர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் கட்டி அழைத்து வரப்பட்டவர்கள் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து வெக்கைபூமிக்காரர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பதுளைக்கு இரயில் வந்ததே 1924இல்தான். சுமார் 680 மீட்டர் உயரத்துப் பதுளை நகரம் அவ்வளவாக வாட்டாது. 1,200 மீட்டரைத் தாண்டிய பண்டாரவளையும், 1,400 மீட்டருக்கு மேலான அப்புத்தளையும் வேறு உலகம். ஊரில் சில வாரமே வந்துபோகிற ஒன்றுக்கு வைத்திருந்த சொல்லால், இங்கே எலும்பைத் தொடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டம் கொடுத்த கறுப்புக் கம்பளியும் இனாம் அல்ல. அதன் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது. கூதலைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சுற்றியுள்ள சொற்களையும் பார்க்கலாம். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல். குறிஞ்சிப்பாட்டில் குளிர் என்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டும் ஒரு கருவிக்கும் பெயர். தெலுங்கில் 'சலி', கன்னடத்தில் 'சளி' என்றால் குளிர்; நமக்குச் சளி நெஞ்சில் கட்டுவது. பக்கத்துக் கிராமங்களில் வசிக்கும் சிங்களவர் சொல்லும் 'சீத்தல', வடமொழிச் சீதளத்தின் வழி வந்தது. நம் வைத்தியர்களும் சீதளம் என்பார்கள். யாழ்ப்பாணத்தாரும் கூதல் என்பதால், இங்கு வந்து படிப்பித்த வடபகுதி ஆசிரியர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருந்திராது.

ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றில் கொழுந்தின் மணமே மாறுகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த அந்த மணத்தில் முக்கியமானது மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதுவே. உலகம் விலை கொடுக்கும் அந்தப் பருவத்திலும் இராத்திரிகள் கூதல்தான்.

"குளிர் காய்தல்" என்பதை, பிறர் வீடு எரிகையில் ஆதாயம் தேடுவதற்கு மேடைப்பேச்சு எடுத்துக்கொண்டது. "கூதல் காயிறது" இன்னும் அப்படி ஆகவில்லை. மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கி, கொங்காணிச் சாக்கைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுப்படியில் குந்திக் கையை நீட்டுவதற்கு மட்டுமே அது பெயர்.