பதினான்கு சட்டை போட்ட பிட்சர்

பேஸ்பாலில் நட்சத்திரங்களை ரசிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அணி அணியாக மூட்டை கட்டிக்கொண்டு போகும் பிட்சரை ரசிக்கத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதற்கு எட்வின் ஜாக்சனைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். அமெரிக்க மேஜர் லீக்கில் 2003 முதல் 2019 வரை 14 அணிகளுக்கு ஆடியவர். அவருக்கு முன் யாரும் எட்டாத எண்ணிக்கை அது. 2025-இல்தான் ரிச் ஹில் வந்து சமன் செய்தார்.

முதலில் அவருடைய புள்ளிவிவரப் பக்கத்தைத் திறங்கள். கடைசி வரிக்கு ஓடாதீர்கள். 107 வெற்றி, 133 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 4.78 ரன் என்று இருக்கும்; 'அவ்வளவுதானா' என்று மூடிவிடுவீர்கள். அணிப் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே படித்து வாருங்கள். பெயர் மாறும் இடமெல்லாம் 'கழற்றிவிட்டார்கள்' என்றுதான் முதலில் படும். அதே இடத்தில் இன்னோர் அணி அவரைக் கூப்பிட்டிருக்கிறது. ஏன் கூப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டம் சூடுபிடிக்கும். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் ஒரு காரணம். இன்னொன்று, உழைப்பு: 2007 முதல் 2013 வரை ஏழு சீசனிலும் தலா 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் முதல் பந்தை வீசியிருக்கிறார். காயம் என்று உட்காராத பிட்சர் எந்த அணிக்குத்தான் வேண்டாம்?

அடுத்து, 2010 ஜூன் 25 ஆட்டத்தின் காணொளியைத் தேடிப் பாருங்கள். அன்று அரிசோனா டைமண்ட்பேக்ஸ் சட்டையில், தன் பழைய அணியான டாம்பா பே ரேஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் வீசினார்; அதாவது ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூடத் தரவில்லை. எல்லோரும் ஒன்பதாவது இன்னிங்ஸைப் பார்ப்பார்கள். நீங்கள் மூன்றாவதைப் பாருங்கள். கேட்சர் கையுறையை எங்கே காட்டுகிறார், பந்து எங்கே வந்து விழுகிறது என்று கவனியுங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேட்டர்களுக்கு வாக் கொடுத்து, ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாவதில் ஒருவரும் அவுட்டாகாத நிலையில் மூன்று பேஸிலும் ஆள். ஒரு ஹிட் விழுந்தால் கதை முடிந்தது. ரன்னே போகவில்லை! நூறு பந்து தாண்டினாலே மாற்று ஆளைத் தயார் செய்யும் காலத்தில் 149 பந்து வீசி, 1-0 என்று வென்றார். என்னைக் கேட்டால், பிசிறில்லாத நோ-ஹிட்டர்களைவிட இந்த அலங்கோலம்தான் சுவை.

கடைசியாக 2011 ஜூலை 27. காலையில் அவர் சிகாகோ வைட் சாக்ஸ் ஆள். டொராண்டோ ப்ளூ ஜேஸுக்குக் கைமாறி, அன்றே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் போய்ச் சேர்ந்தார். டொராண்டோவிலிருந்து அதே கைமாற்றத்தில் வந்த இன்னொருவர் ஆக்டாவியோ டோடெல். பின்னாளில் 13 அணிகளோடு சாதனை படைத்தவரும், அதை முறியடித்தவரும் ஒரே பேரத்தில்! அந்த அக்டோபரில் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. இருவருக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது. ஒரு பந்துகூட வீசாமல் தாண்டிப்போன டொராண்டோவுக்காகவே 2019-இல் ஆடியபோதுதான் ஜாக்சனின் கணக்கு 14 ஆனது.