வண்டு மஞ்சளும் விடுபட்ட எண்களும்

கொலராடோவின் மூன்றடிப் பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்களுக்கு அந்தப் பழைய மஞ்சளை மறுபடியும் பூச வேண்டும் என்ற ஆசை ரயில் ரசிகர்களை விட்டுப் போவதே இல்லை. 1950களில் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் கம்பெனி தன் சில்வர்டன் வண்டிக்குப் போட்ட மஞ்சள், கறுப்பு, வெள்ளி வேடம் அது. ரசிகர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘பம்பிள்பீ’, அதாவது வண்டு. இது சினிமாவுக்கும் சுற்றுலாவுக்கும் போட்ட வேஷம்தானே என்று யாராவது முகம் சுளித்தால் பதில் தயாராக இருக்கிறது: அந்த எஞ்சின் அந்த நிறத்தில் நிஜமாகவே ஓடியது, ஆகவே அதுவும் வரலாறு.

இந்தப் பதிலில் பாதி சரி. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசுதான் டுராங்கோ–சில்வர்டன் கிளையின் 45 மைலைக் காப்பாற்றியது. அந்தக் கூட்டம் எட்டிப் பார்க்காத, சாமா ஊரிலிருந்து டுராங்கோ வரை போன தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து விற்றுவிட்டார்கள். மஞ்சள் பெட்டிகளும் மஞ்சள் எஞ்சினும் கூட்டம் சேர்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. பெயிண்ட் நிரந்தரமும் அல்ல; சுரண்டி எடுத்துவிடலாம்.

மற்றப் பாதிக்கு வருவோம். சில்வர்டன் பாதை 1882இல் திறந்தது. பம்பிள்பீ பூசிக்கொண்ட 473ஆம் எண் எஞ்சினை அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி கட்டியது 1923இல். அதன் சொந்தப் புகைபோக்கி நேரான, சாதாரணக் குழாய். அதன்மேல், பழங்காலத்து எஞ்சின்களில் இருந்த வைரவடிவப் புகைபோக்கியைப் போல ஒரு கூட்டைக் கவிழ்த்தார்கள். பாட்டியின் கண்டாங்கியைப் பேத்திக்குச் சுற்றிவிட்டு, பாட்டி என்றே அறிமுகப்படுத்துவது மாதிரி. அந்த வேஷத்துக்கே இப்போது எழுபது வயதாகிறது, அதுவும் பழமைதான் என்கிறார்கள். வயதாகிவிட்டதால் மட்டும் ஒரு வேஷம் முகமாகிவிடாது.

அசல் வைரவடிவப் புகைபோக்கிக்கு ஒரு வேலை இருந்தது: தீப்பொறியைப் பிடித்து நிறுத்துவது. போலிக்கு அழகு மட்டும்தான். 2018இல் டுராங்கோவுக்கு வடக்கே மூண்ட ‘416’ காட்டுத்தீ 50,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. சில்வர்டன் ரயிலின் பொறிதான் மூட்டியது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2022இல் 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தத் தீக்குப் பிறகு நிலக்கரி எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. இப்போது 473க்கு மஞ்சள் பூசினால், தோல் 1950களைச் சொல்லும், அடுப்பு நம் காலத்தைச் சொல்லும், புகைபோக்கி 1880களைச் சொல்லும். இதில் எதைத்தான் வரலாறு என்கிறீர்கள்?

என் நெடுநாள் மனத்தாங்கல் இங்கேதான். வர்ணம் ஒரே ஒரு ஆண்டைத்தான் சொல்லும். எஞ்சினோ ஒரே ஆண்டின் பொருள் அல்ல. கே-37 வகையைப் பாருங்கள். 490 முதல் 499 வரை பத்து எஞ்சின்கள், 1928இலும் 1930இலும் டென்வரின் பர்ன்ஹாம் பணிமனையில் உருவானவை. ஆனால் அவற்றின் பாய்லர்கள் 1902இல் பால்ட்வின் கட்டிய ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை எஞ்சின்களிலிருந்து கழற்றியவை. பெரிய தண்டவாளத்தில் உழைத்துக் களைத்ததைச் சின்னத் தண்டவாளத்துக்கு இறக்கிய அந்தத் தொழிலாளியின் சாமர்த்தியத்தை எந்த நிறத்தில் பூசிக் காட்டுவீர்கள்? அதைச் சொல்ல எஞ்சின் பதிவேடு ஒன்றால்தான் முடியும்: எந்த எண், யார் கட்டியது, எப்போது மாற்றியது, எங்கே போனது, எப்படி முடிந்தது.

பதிவேட்டைத் திறந்தால் மஞ்சள் வெளிறிப்போகிறது. 473இன் கே-28 வகையில் 470 முதல் 479 வரை பத்து எஞ்சின்கள் இருந்தன. 1942இல் அமெரிக்க ராணுவம் அவற்றில் ஏழு எஞ்சின்களை எடுத்துக்கொண்டு, அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து கிளம்பும் ஒயிட் பாஸ் அண்ட் யூகான் பாதைக்கு அனுப்பியது. அங்கே பழைய எண்களை அழித்து 250 முதல் 256 வரை புது எண் எழுதினார்கள். போர் முடிந்ததும் ஏழும் பழைய இரும்புக்குப் போயின. சொந்த எண்கூட இல்லாமல் செத்த எஞ்சின்கள் அவை. கொலராடோவில் தங்கியதால் பிழைத்தவை 473, 476, 478 ஆகிய மூன்று. இதை அறிந்து 473 முன்னால் நிற்பவனுக்குத் தெரிவது ஒரு எஞ்சின் மட்டும் அல்ல. அறியாதவனுக்குத் தெரிவது மஞ்சள்.

ரசிகர்கள் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கூடிப் பேசும்போது எதைப் பேசுகிறார்கள்? மஞ்சளின் சாயல் சரியா, வெள்ளிக் கோடு எத்தனை அங்குலம், ‘ரியோ கிராண்டே’ எழுத்து எவ்வளவு சாய்வு. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: சாயத்தை இத்தனை நுணுக்கமாக ஆராய்கிறவர்கள் பார்ப்பது இரும்பை அல்ல, தங்கள் சிறுவயது நாட்காட்டிப் படத்தை.

அதே பதிவேட்டில் கே-36 வகை எண்கள் 480இல் தொடங்கி 489இல் முடிகின்றன. பால்ட்வின் 1925இல் கட்டியவை. நான்கு டுராங்கோவில், ஐந்து சாமாவை மையமாகக் கொண்ட கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் பாதையில். கூட்டினால் ஒன்பதுதான் வரும். 485 சாலிடாவில் எஞ்சின் திருப்பும் மேடையின் குழிக்குள் விழுந்து, பிறகு உடைக்கப்பட்டது. வரிசையில் 484க்கும் 486க்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிக்கு எந்த வர்ணத்தைப் பூசுவது என்று மஞ்சள் பிரியர்கள் யாராவது சொல்லட்டும்; மற்ற ஒன்பதின் நிறத்தையும் நான் அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.